பாலத்தினுள் ஒரு கண்ணாடி இழை



இத்தாலி நாட்டின் ஜெனோவா நகரில் 1967ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மொராண்டி பாலம், 2018 ஆகஸ்ட் 14ஆம் நாள், கொட்டும் மழையில் இடிந்து வீழ்ந்தது. மாண்டவர்கள் 43 பேர். விடுமுறைக்காகப் புறப்பட்ட குடும்பங்களும் அவர்களுள் அடக்கம்.

அப்பாலத்தைத் தாங்கிய எஃகு வடங்கள் கான்கிரீட்டினுள் பொதிந்திருந்தன. உள்ளே துரு அரிப்பது கண்ணுக்குப் புலப்படாது. கடற்காற்றும் ஆலைப்புகையும் பாலத்திற்குக் கேடு விளைவிப்பதை, அதனை வடிவமைத்த ரிக்கார்டோ மொராண்டியே 1979இல் சுட்டிக்காட்டியிருந்தார்.

கண் காணாததைக் காண வழியுண்டா? உண்டு. தொலைபேசிச் செய்திகளைச் சுமந்து செல்லும் அதே கண்ணாடி இழைதான் அந்த வழி. தலைமயிரைவிடச் சற்றே தடித்த அவ்விழையினுள், புற ஊதாக் கதிரால் மிக நுண்ணிய வரிகளைப் பதிக்கிறார்கள். ஒளியைச் செலுத்தினால், அவ்வரிகள் ஒரேயொரு அலைநீளத்தை மட்டும் திருப்பியனுப்பும். பாலம் பாரத்தால் நீண்டால் இழையும் நீளும். வரிகளின் இடைவெளி மாறும். திரும்பி வரும் ஒளியின் அலைநீளமும் மாறும். அம்மாற்றத்தை அளந்து, பாலம் படும் பாட்டை அறியலாம். வெப்பத்தாலும் இம்மாற்றம் நிகழுமாதலால், வெப்பத்தை மட்டும் அளக்க வேறோர் இழையையும் உடன் வைப்பர். கண்ணாடி துருப்பிடிப்பதில்லை, மின்னலும் அதன் அளவீட்டைக் குழப்புவதில்லை.

கனடாவின் கால்கரி நகரில் 1993இல் திறக்கப்பட்ட பெடிங்டன் டிரெயில் பாலத்திலேயே இத்தகைய இழைகள் பொருத்தப்பட்டன. மண் அணைகளிலும் இழைகளைப் பதிக்கிறார்கள். நீர் கசியும் இடத்தில் வெப்பநிலை மாறுவதைக் கொண்டு, கசிவு எங்கே என்று கண்டறிகிறார்கள்.

ஆனால் ஒன்றைச் சிந்தித்துப் பாருங்கள். ஜெனோவாவில் எச்சரிக்கைக்குப் பஞ்சமில்லை. 2017இலும் மிலான் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வல்லுநர்கள், அவ்வடங்களை மேலும் ஆராய வேண்டுமென்று கூறினர். கருவி சொல்லும், செவிசாய்க்க வேண்டியவன் மனிதனே.

நம் இல்லங்களுக்கும் இது பொருந்தும். சுவரில் விரிசல் கண்டால், உடனே சுண்ணாம்பு பூசி மறைத்துவிடாதீர்கள். அதன் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதியை எழுதி வையுங்கள். சில மாதங்களில் விரிசல் அக்கோட்டைத் தாண்டினால், தாமதியாமல் பொறியாளரை அழையுங்கள். செலவுக்கு அஞ்சி நாளைக் கடத்த வேண்டாம். அக்கூரையின் கீழ் உறங்குபவர்கள் நம் குழந்தைகளல்லவா?