ரைபிள் தெரிவு செய்ய முன்னர், பன்றிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்



கொஞ்ச நாளாக எங்கள் ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் ஒரு வீடியோ சுற்றிக்கொண்டிருக்கிறது. வெளிநாட்டுக்காரர் ஒருவர் பையிலிருந்து துவக்கின் பாகங்களை எடுத்துப் பூட்டி, போல்ட்டை இழுத்துத் தள்ளி, 300 மீற்றருக்கு அப்பால் தொங்கும் இரும்புத் தகட்டை அடிக்கிறார். நிறை 3 கிலோவுக்கும் குறைவாம். குழலையும் பின்கட்டையையும் வேண்டியபடி மாற்றலாமாம். கட்டாரில் இருக்கிற தம்பிமார் அதற்குக் கீழே, "இப்படி ஒண்டு நம்மட வட்டைக்கு இருந்தா பன்றிப் பிரச்சினை முடிஞ்சிடும், காசு சேர்ப்பம்" என்று எழுதியிருக்கிறார்கள். படிப்பிக்கிற ஆட்கள் என்பதால் எங்களிடமும் "சேர், எது நல்லம்?" என்று கேட்கிறார்கள்.

கேட்டதில் பிழையில்லை. நாங்களும் வயல்காரரின் பிள்ளைகள்தான். குடலைப் பருவத்தில் ஒரு பன்றிக் கூட்டம் ஒரே இரவில் உழக்கிவிட்டுப் போன வயலை விடியக்காலை வரம்பில் நின்று பார்த்தவர்களுக்கு அந்த வயிற்றெரிச்சல் தெரியும். அடகு வைத்த நகை, உரக்கடைக் கடன் எல்லாம் அந்தச் சேற்றுக்குள் கிடக்கும். ஆனபடியால் "துவக்கே வேண்டாம்" என்று வகுப்பெடுக்க நாங்கள் வரவில்லை.

முதலில் அந்த ரைபிளைப் பற்றியே கதைப்போம். ஒவ்வொரு வெடிக்கும் கையால் போல்ட்டை இயக்கும் இந்த முறை புதியதல்ல. 1898இல் ஜேர்மனியில் வந்த மவுசர்தான் இன்றைய பெரும்பாலானவற்றுக்கு மூத்தாப்பா. எங்கள் பெரியவர்கள் "திறீ நொட் திறீ" என்று சொல்வார்களே, பொலிஸ்காரர் தோளில் தொங்கிய அந்த லீ என்பீல்டும் போல்ட் இழுக்கிற ரைபிள்தான். இன்றைக்கு மாறியிருப்பது நிறையும், பாகம் மாற்றும் வசதியும்.

நிறை குறைந்தால் நல்லது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். மலையேறி நாள் முழுக்க நடக்கிற வேட்டைக்காரனுக்கு அது உண்மை. ஆனால் பத்தாம் ஆண்டு விஞ்ஞானத்தில் உந்தம் படித்த பிள்ளையிடம் கேளுங்கள். குண்டு முன்னால் போகிற அளவு உந்தத்தோடு துவக்கு பின்னால் வரும். அதே தோட்டாவை 4 கிலோத் துவக்கில் போட்டுச் சுடுவதற்கும் 2.5 கிலோத் துவக்கில் போட்டுச் சுடுவதற்கும் தோளில் இடிக்கிற சக்தியில் 1.6 மடங்கு வித்தியாசம். இடிக்குப் பயந்தவர் விசையை இழுக்கிற நேரம் கண்ணை மூடுவார், குறி தவறும். அதனால்தான் குறிபார்த்துச் சுடும் போட்டிக்காரர்கள் பாரமான துவக்கையே விரும்புகிறார்கள். வேட்டைக்கும் குறிசுடலுக்கும் ஒரே துவக்கு என்று விற்பவர் சொல்வார். இரண்டில் ஒன்றில் கொஞ்சம் விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

பாகம் மாற்றுகிற வசதி எங்களுக்கு என்னத்துக்கு? இங்கே அனுமதிப்பத்திரம் இலக்கம் குறித்து, ஒரு குறிப்பிட்ட துவக்குக்குத்தான் தரப்படுகிறது. இன்றைக்கு ஒரு குழல், நாளைக்கு வேறு குழல் என்று மாற்றி விளையாட அதில் இடமில்லை.

இனித்தான் எங்களுக்குப் பயம் தருகிற விசயம். 308 வின்செஸ்டர் தோட்டாவின் குண்டு குழலை விட்டு வெளியேறும்போது வினாடிக்கு 800 மீற்றருக்கு மேல் வேகம். குறி தவறி மேல்நோக்கிப் போனால் 4 கிலோமீற்றரையும் தாண்டி விழக்கூடியது. சின்னத் துவக்கு என்று நினைக்கிற பொயின்ற் 22 கூட ஒன்றரைக் கிலோமீற்றருக்கு மேல் போகும். அந்த வீடியோவில் தகட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று மறுபடி பாருங்கள், ஒரு மலை. தவறுகிற குண்டை அந்த மண் விழுங்கிக்கொள்கிறது. எங்கள் வட்டையில் நின்று நாலு பக்கமும் பாருங்கள். தட்டையான நிலம். ஒரு பக்கம் வாய்க்கால், அடுத்த பக்கம் இன்னொரு கண்டத்துக் காவல் வாடி, அதற்கங்கால் மாட்டுப்பட்டி, அதற்கும் அங்கால் எங்கள் அயல் கிராமத்து வீடுகள். தண்ணீர் நிற்கிற வயலில் சரிவாகப் பட்ட குண்டு தெறித்து எழும்பித் திசை மாறிப் போகவும் செய்யும். இரவில், டோர்ச் வெளிச்சத்தில், தூக்கக் கலக்கத்தில் சுடப்போகிறவர் யாருடைய வாப்பாவின் வாடிப் பக்கம் குழலைத் திருப்பப் போகிறார்?

பரணில் ஏறிக் கீழ்நோக்கிச் சுடுவது பழைய காவற்காரரின் பழக்கம். குண்டு மண்ணுக்குள் போகும் என்பது அதில் இருக்கிற கணக்கு. பயிர்ப் பாதுகாப்புக்கு இங்கே கொடுக்கப்பட்டு வருவது சொட்கன். அதில் எஸ்ஜி தோட்டா போட்டால் எட்டோ ஒன்பதோ குண்டுகள் பரவிப் போகும், 40 மீற்றருக்கு அங்கால் நம்ப முடியாது. இது குறை மாதிரித் தெரியும். எங்கள் நிலத்துக்கு அந்தக் குறையே பாதுகாப்பு.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அனுமதியில்லாமல் வைத்திருப்பதும் குற்றம், இறக்குமதி செய்வதும் குற்றம். "பாகம் பாகமாகப் பொதிக்குள் அனுப்பலாம்" என்று ஒரு தம்பி சிரிப்புக் குறியோடு எழுதியிருந்தார். தம்பி, அதைப் பகிடிக்கும் எழுத வேண்டாம். பன்றிக்கு என்று வாங்கியது மானுக்கும் மரைக்கும் திரும்புகிற கதையும் எங்களுக்குத் தெரியாததல்ல. அதற்கு 1937ஆம் ஆண்டுச் சட்டம் வேறு காத்திருக்கிறது.

துவக்குக் கிடைக்காத இடத்தில் என்ன நடக்கிறது என்பதையும் மறைக்கக் கூடாது. கட்டுத்துவக்கு, ஹக்க பட்டாஸ், மெயின் லைனிலிருந்து நேரே இழுத்த கரண்ட் கம்பி. எங்கள் வட்டையில் வாய்க்கால் பார்க்கப்போன ஒரு காக்கா கட்டுத்துவக்கில் பட்டு முழங்காலுக்குக் கீழே காலை இழந்தார். கட்டியவர் அவருக்குச் சொந்தக்காரர். இரண்டு வீடும் இன்றுவரை கதைப்பதில்லை. பன்றிக்கு வைத்த ஹக்க பட்டாஸைக் கடிக்கிற யானைக்குட்டி வாய் கிழிந்து, தின்ன ஏலாமல் நாள்கணக்கில் கிடந்து சாகிறது. 2023இல் மட்டும் நாட்டில் 400க்கு மேற்பட்ட யானைகள் செத்தன. அதே வருடம் யானையால் இறந்த மனிதர்கள் 150க்கும் மேல். சொட்கன் குண்டு பட்ட யானை அந்த இடத்தில் சாகாது. காயம் புழுத்து, கோபத்தோடு திரும்பி வரும். எங்கள் வயலுக்குத்தான் வரும்.

அதனால் கட்டார்த் தம்பிமாரிடம் நாங்கள் கேட்பது, அந்தக் காசை வேலிக்குத் தாருங்கள் என்றுதான். கலாநிதி பிருதிவிராஜ் பெர்னாண்டோ தலைமையிலான குழு 2020இல் அரசாங்கத்திடம் கொடுத்த திட்டத்தில் முக்கியமான ஒன்று, விவசாயிகளே போட்டு, விவசாயிகளே பார்த்து, அறுவடை முடியக் கழற்றுகிற போக வேலி. அதற்கான மெசின் சில ஆயிரம் வோல்ட்டைக் கண நேரத்துடிப்பாக விட்டு விட்டு அனுப்பும். தொட்டால் உதறும், கொல்லாது. யானைக்கு மேல் கம்பி, பன்றிக்கு மூக்கு உயரத்தில், அதாவது நிலத்திலிருந்து ஒரு சாணிலும் இரண்டு சாணிலும், கம்பி வேண்டும். புல் வளர்ந்து கம்பியில் பட்டால் கரண்ட் நிலத்துக்குள் இறங்கிவிடும். கிழமைக்கு ஒருதரம் புல் வெட்ட ஆள் வராவிட்டால் வேலியும் சரிவராது. எங்கள் ஊரில் காசு சேரும், புல் வெட்ட ஆள் சேருமா என்பதுதான் எங்களுக்குள்ள சந்தேகம்.

இன்னொன்று. வாப்பா மௌத்தான பிறகு அவருடைய சொட்கனை அலுமாரிக்கு மேல் வைத்துக்கொண்டிருக்கும் வீடுகள் இருக்கின்றன. அனுமதிப்பத்திரம் அவருடைய பெயருக்கு மட்டுந்தான். பிள்ளைகள் விளையாடுகிற வீட்டில் அதை வைத்திருக்காமல் பொலிஸிலோ கச்சேரியிலோ கதைத்து ஒழுங்கு செய்யுங்கள். உயிரோடு இருப்பவர்களும் வருட முடிவுக்கு முன் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

வேலி விசயமாக வட்டைவிதானையோடு கதைத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு வாய்க்கால் பாலத்தடியில் கூடுகிறோம். வேலி மெசின், சோலார் பனல், பெற்றரி விலை தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். கத்தி வைத்திருப்பவர்கள் கத்தியோடு வாருங்கள்.