காக்காய்ப்பொன் கோடு

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி முதலிய ஊர்களிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணாக்கருட் சிலர், தம் இல்லங்களிற் செய்த சவர்க்காரக் கட்டிகளைச் சில ஆண்டுகளாக நமக்குக் காட்டி வருகின்றனர். இரு நிறப் படலங்களுக்கிடையே பொன்னிழை போன்ற மெல்லிய கோடொன்று அவற்றில் ஓடுகின்றது. அஃது அப்பிரகத் தூளால் ஆயது. நம் பாட்டியர் அதனைக் காக்காய்ப்பொன் என்பர். இது வீண் அலங்காரமென்று நகைப்பாரும் உளர். நாம் அவ்வாறு கருதுகின்றிலோம்.

சவர்க்காரம் செய்தல் இழிதொழிலன்று. 1914-ஆம் ஆண்டிலேயே அக்காலச் சென்னை அரசாங்கத்தார், சர் பிரெடெரிக் நிக்கல்சனின் முயற்சியால், கோழிக்கோட்டில் இதற்கென ஒரு நிலையம் கண்டனர். 1964-இல் தொழிற்பேட்டை தோன்றியபின் அம்பத்தூர் என்றதும் இயந்திரங்களே நம் நினைவிற்கு வருகின்றன. அவ்வூரில் ஓர் அடுக்களையும் தொழிற்சாலையாதல் கண்டு மகிழ்கின்றோம்.

ஆயின், கோட்டின் அழகிற்கு முன்னர்க் கணக்கின் நேர்மை வேண்டும். 1000 கிராம் தேங்காயெண்ணெயைச் சவர்க்காரமாக்க ஏறக்குறைய 180 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். அதே நிறை ஆமணக்கெண்ணெய்க்கு 130 கிராமும் வேண்டுவதில்லை. முன்னதன் அளவைப் பின்னதில் இட்டால், மிஞ்சிய காரம் தோலைச் சுடும். எத்துணை அழகிய கோடும் அதனைத் தடுக்காது. ஆகவே கையளவும் கண்ணளவும் இங்கே உதவா, தராசே துணை. சோடாவை நீரிலிடுக, நீரைச் சோடாவின்மேல் வார்க்கற்க. கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் இன்றித் தொடற்க. அலுமினியப் பாத்திரத்தைக் காரம் அரித்துவிடுமாதலின் அதனை அறவே விலக்குக.

கலவை கூழ்ப்பதம் எய்தியதும் ஒரு பாதியை அச்சில் வார்த்து, அது சற்று இறுகியபின், தேயிலை வடிகட்டியால் அப்பிரகத் தூளை மெல்லெனத் தூவி, மறுபாதியைக் கரண்டியின் மேல் விழச்செய்து வார்ப்பர். தூள் மிகின் படலங்கள் ஒட்டாது பிரியும். அறுக்குங்கால் கட்டியைப் பக்கவாட்டிற் சாய்த்தல் வேண்டும். இன்றேல் தூள் இழுபட்டுக் கோடு கலையும். பின்னர் நான்கு முதல் ஆறு வாரம் உலரவிடல் முறை. பொறுமையில்லார்க்கு இத்தொழில் ஆகாது.

நிற்க. அக்கோடு எங்கிருந்து வந்தது? அக்காலச் சென்னை மாகாணத்து நெல்லூர் ஜில்லாவில் கூடூர்ப் பக்கத்து அப்பிரகச் சுரங்கங்கள் பெயர் பெற்றிருந்தன. இந்நாளிலோ, ஜார்க்கண்டு, பீகார் மாநிலங்களிற் கைவிடப்பட்ட சுரங்கங்களில் ஏழைச் சிறுவர் அப்பிரகத் துண்டுகளைப் பொறுக்குகின்றனர் என்பது பலமுறை வெளிவந்த செய்தி. 2016-இல் இரண்டே மாதங்களில் ஏழு சிறுவர் மாண்டனரென ஒரு செய்தி நிறுவனத்தார் ஆராய்ந்து வெளியிட்டனர். மறு ஆண்டில், இத்தீமையை ஒழிப்பதற்கென்றே பல நிறுவனங்கள் கூடிப் பிரான்சு தேசத்தில் ஒரு கழகம் அமைத்தன.

அங்ஙனமாயின் அப்பிரகத்தை அறவே விலக்குவோமா? அவசரப்படலாகாதென்பது நம் கருத்து. வாங்குவார் அனைவரும் ஒருங்கே விலகின், அச்சிறுவர் பள்ளிக்குச் செல்லார். கூழுக்கும் வழியின்றிக் கிடப்பர். விலகுவதினும் வினவுதல் நன்று. தூள் விற்பாரிடம், இஃது எங்கே எடுக்கப்பட்டது, யார் எடுத்தனர் என வினவுவோம். நேர்மையான விடை கிடைப்பின் வாங்குவோம்; கிடையாதேல், சாலையில் ஆக்கப்படும் செயற்கை அப்பிரகத்தையோ நன்கு பொடித்த கரித்தூளையோ கொள்வோம். கருங்கோடும் கண்ணுக்கு இனியதே.

இன்னும் ஒன்று. தம் வீட்டார்க்குச் செய்தல் வேறு, விற்பனைக்குச் செய்தல் வேறு. 2020-ஆம் ஆண்டின் அழகுப்பொருள் விதிகளின்படி விற்பனைக்குச் செய்வார் உரிமம் பெறல் வேண்டும். இதனைத் தொல்லையெனக் கருதாது, வாங்குவாரின் தோலுக்கு நாம் அளிக்கும் உறுதிமொழியெனக் கொள்வது தகும்.

மாணவ நண்பர்களே! சவர்க்காரம் அழுக்கை நீக்கும் பொருள். அதன் நடுவே ஓடும் கோட்டில் ஒரு குழந்தையின் துயர் படிந்திருப்பின், அக்கட்டியாற் கழுவிய கை தூயதாமோ? தராசும் வினாவும் கையிலிருக்க, கோட்டினை அச்சமின்றி இழுமின்!