நோயாளிக் குழந்தை சேட்டை செய்யக் கூடாதா?

"ஓடாதே, விழுந்துவிடுவாய்!"

"தண்ணீரில் இறங்காதே!"

"சத்தம் போடாமல் படுத்திரு!"

கொடிய நோயில் சிக்கிய குழந்தை காலை முதல் இரவு வரை கேட்கும் வார்த்தைகள் இவை. சொல்லுகிறவர்கள் எதிரிகள் அல்ல. பெற்ற தாய், தகப்பன், டாக்டர், நர்சு. குழந்தையின் உயிரைக் காப்பாற்ற எல்லோரும் பாடுபடுகிறார்கள். அதன் விளையாட்டுப் பருவம் பறிபோவதைத்தான் யாரும் கவனிப்பதில்லை.

கவனித்தவர் ஒரு சினிமா நடிகர்!

அவர் அமெரிக்க நட்சத்திரம் பால் நியூமன். 1969-ல் வெளிவந்த "புட்ச் காசிடியும் சன்டான்ஸ் கிட்டும்" படத்தில் கொள்ளைக்காரனாக நடித்தவர். ரெயிலை மறித்துக் கொள்ளையடித்துவிட்டு ஓடி ஒளியும் கூட்டத்தின் கதை அது. அந்தக் கூட்டத்துக்கு "சுவர் ஓட்டைக் கூட்டம்" என்று பெயர். நோய்க்குத் தப்பி வரும் குழந்தைகளுக்கும் இப்படி ஒரு பதுங்குமிடம் வேண்டும், அங்கே அவர்கள் மனம் போல் கொட்டமடிக்க வேண்டும் என்று நியூமன் ஆசைப்பட்டார். 1988-ல் கனெக்டிகட் மாநிலத்திலுள்ள ஆஷ்போர்டு என்ற ஊரில் ஒரு கோடை முகாமைத் திறந்தார். அதற்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? அதே "சுவர் ஓட்டைக் கூட்டம்" தான்!

பணம் எங்கிருந்து வந்தது? நியூமனும் அவருடைய நண்பரான எழுத்தாளர் ஹாட்ச்னரும், சாலட்டின் மேல் ஊற்றிச் சாப்பிடும் கலவை ஒன்றை வேடிக்கையாகத் தயாரித்து, கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு நண்பர்களுக்குப் புட்டியில் கொடுத்தார்கள். 1982-ல் அது கடைக்கு வந்தது. புட்டியின் மேல் நியூமனின் முகம். சரக்கு அமோகமாக விற்றது. லாபம் முழுவதும் தர்மத்துக்கே என்று நியூமன் முடிவு செய்தார். நடிகனின் முகத்தைப் போட்டு எதை எதையோ விற்கிற உலகத்தில் இது அதிசயம்தான்.

மொட்டைத் தலைகள்

முகாமைப் பார்த்தால் பழைய குதிரைக்காரர்களின் ஊர் மாதிரி இருக்கும். மரக் கட்டடங்கள், ஏரி, மீன் பிடிக்கத் தூண்டில். வைத்திய விடுதிக்குக்கூட "ஓ.கே. கொரல்" என்று பெயர். துப்பாக்கிச் சண்டையால் பேர் போன குதிரைப் பட்டியின் பெயர் அது! ஊசி போட்டுக்கொள்ளப் போகிற பையனும் சண்டைக்குப் போகிற வீரனைப் போல் போகலாம். டாக்டர்களும் நர்சுகளும் இரவு பகலாக இருக்கிறார்கள்.

புற்றுநோய்ச் சிகிச்சையால் முடி கொட்டிய சிறுமி, பள்ளிக்கூடத்தில் தொப்பியைக் கழற்ற மாட்டாள். இங்கே பக்கத்துக் கட்டிலிலும் மொட்டைத் தலை. பிறகு தொப்பி எதற்கு?

ரத்தத்தின் சிவப்பு அணுக்கள் அரிவாள் போல் வளைந்துவிடும் நோய் ஒன்று உண்டு. குளிர்ந்த தண்ணீர் பட்டால் தாங்க முடியாத வலி எடுக்கும். ஆகவே "நீந்தாதே" என்பார்கள். முகாமில் குளத்துத் தண்ணீரை வெதுவெதுப்பாக்கி வைத்துவிட்டு, "நீந்து" என்கிறார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்!

அமெரிக்காவில் இந்த நோய் பெரும்பாலும் கறுப்பினக் குழந்தைகளையே பிடிக்கிறது. அவர்களில் ஏழைகள் ஏராளம். முகாமில் யாருக்கும் கட்டணம் இல்லை. "பணக்காரனிடமாவது வாங்கக் கூடாதா?" என்று கணக்குப் பார்க்கிறவர்கள் கேட்கலாம். வாங்கினால், காசு கொடுத்து வந்த பிள்ளை யார், இனாமாக வந்த பிள்ளை யார் என்பது இரண்டே நாளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்துவிடும். வாங்காததே சரி.

"அந்தப் பணத்துக்கு மருந்து வாங்கலாமே? ஒரு வாரம் ஆடிப்பாடிவிட்டு மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போவதில் என்ன லாபம்?" என்றும் கேட்பார்கள். ரத்தம் உறையாத நோயுள்ள பையனுக்கு அடிக்கடி ஊசி மருந்து ஏற்ற வேண்டும். தாய் எவ்வளவு கெஞ்சினாலும் தானே போட்டுக்கொள்ளப் பயப்படுவான். இத்தகைய முகாமில், தன் வயதுப் பையன் ஒருவன் தானே ஊசி போட்டுக்கொள்வதைப் பார்க்கிறான். ரோஷம் வருகிறது. மறுநாள் இவனும் ஊசியைக் கையில் எடுக்கிறான். எந்த மருந்துக் கடையில் இந்த ரோஷம் விற்கிறது?

நியூமன் 2008-ல் காலமானார். முகாம் நின்றுவிடவில்லை. அதன் வழியில் வேறு நாடுகளிலும் முகாம்கள் உண்டு. அயர்லாந்தில் பாரெட்ஸ்டவுன் என்ற பழைய கோட்டையே 1994 முதல் குழந்தைகள் முகாமாக இருக்கிறது.

இன்னொரு பிள்ளை

ஆஷ்போர்டில் நோயாளியின் அண்ணன், தங்கைகளுக்கும் தனியாக முகாம் நடத்துகிறார்கள். "நன்றாக இருக்கிற பிள்ளைக்கு எதற்கு?" என்று தோன்றும். அந்த வீட்டை நினைத்துப் பாருங்கள். அம்மா ஆஸ்பத்திரியில். அப்பா கடனுக்கு அலைகிறார். வருகிறவர்கள் எல்லாம், "தம்பிக்கு எப்படி இருக்கிறது?" என்றுதான் அண்ணனிடம் கேட்கிறார்கள். பரீட்சையில் முதல் மார்க் வாங்கினாலும் அவன் அதை மெல்லத்தான் சொல்ல வேண்டும். தலைவலி வந்தால் சொல்லவே மாட்டான்.