பொடி பாக்கெட்டுக்கு பார்கோடு எதுக்குங்க?

ஐதராபாத்ல ரெண்டு பொல்லாரம் இருக்கு. ஒண்ணு நாங்க குடியிருக்கிற போலாரம். செகந்திராபாத் கண்டோன்மென்ட் பக்கம், ராஷ்டிரபதி நிலையம் இருக்கிற ஊர், பின்கோடு 500010. இன்னொண்ணு சங்காரெட்டி மாவட்டத்துல மருந்துக் கம்பெனிகள் இருக்கிற ஐ.டி.ஏ. பொல்லாரம், பின்கோடு 502325. பேரை இங்கிலீஷ்ல எழுதினா ரெண்டு எழுத்து வித்தியாசம், அவ்வளவுதான். ஆனா பார்சல் சரியா வந்து சேர்றதுக்குக் காரணம் 1972 ஆகஸ்ட் 15ல அறிமுகமான அந்த ஆறு இலக்க நம்பர். லேபிள்னா என்னன்னு புரிஞ்சுக்க இது போதும். நாம இல்லாத இடத்துல நமக்காகப் பேசற ஆள் அது.

இதை ஏன் சொல்றேன்னா, இந்தப் பக்கம் நம்மாளுங்க வீடுகள்ல இட்லிப்பொடி, வத்தல், முறுக்கு, தொக்குன்னு செஞ்சு விக்கிற பெண்கள் நிறையப் பேர். ஆர்டர் கொஞ்சம் சூடு பிடிச்சதும் முதல்ல வாங்கறது ஒரு லேபிள் பிரிண்டர். எனக்கு வேர்ஹவுஸ் சாப்ட்வேர் பக்கம் வேலைங்கிறதால, ஞாயித்துக்கிழமை ஆனா "தம்பி, மெஷின் மக்கர் பண்ணுது, கொஞ்சம் வந்து பாருப்பா"ன்னு போன் வந்துடும். :-)

என் கட்சி இதுதான். பார்கோடுக்காக பிரிண்டர் வாங்காதீங்க. தேதிக்காக வாங்குங்க, நம்ம எழுத்துக்காக வாங்குங்க.

பார்கோடு இருந்தாத்தான் பொருளுக்கு மதிப்புன்னு ஒரு நினைப்பு இருக்கு. அது தரச் சான்றிதழ் இல்லைங்க, வெறும் நம்பர். 1974 ஜூன் 26ம் தேதி அமெரிக்காவுல ஒஹாயோ மாநிலம் டிராய் ஊர்ல ஒரு சூப்பர் மார்க்கெட்டுல முதல்முதலா ஸ்கேன் ஆன பொருள் ஒரு சூயிங்கம் பாக்கெட். கல்லாவுல உக்காந்திருக்கிறவர் விலையை விரலால தட்டாம இருக்கணும், அதுக்குத்தான் வந்தது. 890ல ஆரம்பிச்சா இந்தியப் பொருள்னு வாட்ஸப்ல சுத்துதே, அதுவும் தப்பு. ஜிஎஸ்1 இந்தியா அமைப்பு குடுத்த நம்பர்னுதான் அதுக்கு அர்த்தம். பொருள் எங்க செஞ்சதுங்கிறதை அது சொல்லாது.

பெரிய கடை, ஆன்லைன் தளம்னு போனா அந்த நம்பரைக் கேப்பாங்க. அப்ப முறையா ஜிஎஸ்1கிட்டயே வாங்கிக்கோங்க. நாமளா 890ன்னு ஒரு நம்பரை இட்டுக்கட்டி அடிச்சா, அது வேற யாரோட சோப்பு டப்பாவாவோ கல்லாவுல வந்து நிக்கும். வீட்டுக் கணக்குக்கு மட்டும்னா கோடு 128 வகையில உங்க இஷ்டத்துக்கு ஒரு நம்பர் வச்சுக்கலாம், யாரும் கேக்க மாட்டாங்க.

சரி, மெஷின் மேட்டருக்கு வருவோம். நான் போய்ப் பாக்கிற பத்து வீட்டுல ஒன்பதுல கோளாறு மெஷின்ல இருக்காது.

லேபிள் நடுவுல வெட்டி அச்சாகுது, இல்லேன்னா ஒண்ணு விட்டு ஒண்ணு காலியா வருதா? ரோலை மாத்தியிருப்பீங்க. ரெண்டு லேபிளுக்கு நடுவுல இருக்கிற இடைவெளியை ஒரு சென்சார் பார்த்துத்தான் நிறுத்துது. புது ரோல் போட்டா அதுக்கு மறுபடி பழக்கிக் குடுக்கணும். கேலிபிரேஷன்னு பேர். நிறைய மாடல்கள்ல ஃபீட் பட்டனை அழுத்திக்கிட்டே ஆன் பண்ணினா அதுவே அளந்துக்கும். அதோட டிரைவர்ல இருக்கிற லேபிள் அளவும் கையில இருக்கிற லேபிள் அளவும் ஒண்ணான்னு பாருங்க.

லேபிள்ல பேருக்குப் பதிலா மேல்நோக்கின அம்புக்குறியும் எக்ஸ்ஏவும் அச்சாகுதா? அது பிரிண்டருக்குப் போற கட்டளை. ஒரு கம்பெனி மெஷினுக்கு இன்னொரு கம்பெனி மொழியில பேசறீங்க. உங்க மாடலுக்கான டிரைவரைப் போட்டா சரியாயிடும்.

நேத்து அடிச்சது இன்னிக்கு அடிக்கலையா? யூஎஸ்பி வயரைப் பிடுங்கி வேற ஓட்டையில சொருகியிருப்பீங்க. விண்டோஸ் அதைப் புது பிரிண்டர்னு நினைச்சு இன்னொரு காப்பி உருவாக்கிடும். பழைய பேருக்கு அனுப்பறதெல்லாம் வரிசையில தேங்கி நிக்கும்.

லேபிள் நகர்ற திசையில நீளமா ஒரு வெள்ளைக் கோடு விழுதா? ஹெட்ல அழுக்கு. ஆஃப் பண்ணி, ஆற விட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால துடைங்க. கத்தி, பிளேடு, நகம் எதுவும் கிட்ட போகக் கூடாது. துடைச்சும் கோடு போகலேன்னா ஹெட்ல ஒரு புள்ளி செத்துப்போச்சுன்னு அர்த்தம். அப்பதான் மெக்கானிக்.

பார்கோடு அழகா இருக்கு, ஆனா ஸ்கேன் ஆகலையா? இதுல ஒரு சின்னக் கணக்கு இருக்கு. சாதாரண 203 டிபிஐ பிரிண்டர் ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளி வைக்கும். கடைப் பார்கோடுல மெல்லிசான கோட்டோட இயல்பான அளவு 0.33 மி.மீ. அதாவது 2.64 புள்ளி. அரைப் புள்ளியெல்லாம் எந்த மெஷினும் வைக்காது. அதனால சில கோட்டை 2 புள்ளியா, சிலதை 3 புள்ளியா அடிச்சு விகிதத்தையே கெடுத்துடும். படமா ஒட்டி, மவுஸால இழுத்துச் சின்னதாக்கினா இதுதான் கதி. சாப்ட்வேர்ல கோட்டோட அகலத்தை முழுசா 3 புள்ளின்னு குடுங்க. ரெண்டு பக்க வெள்ளை இடத்தோட சேர்த்து சுமார் 42 மி.மீ. வரும். 38 மி.மீ. லேபிள் பத்தாது, 50 வாங்குங்க. அப்புறம், அழகுக்காக சிவப்புக் கோடு வேண்டாம். பெரும்பாலான ஸ்கேனர் வெளிச்சமே சிவப்பு, அதுக்கு சிவப்பும் வெள்ளையும் ஒண்ணுதான்.

இப்ப முக்கியமான விஷயம். லேபிள்ல ரெண்டு ஜாதி. ரிப்பன் இல்லாம சூட்டுலயே கறுக்கிறது ஒண்ணு, ரிப்பன்ல இருக்கிற மையை உருக்கி ஒட்டறது இன்னொண்ணு. காலி லேபிளை நகத்தால வேகமா கீறுங்க. கறுப்புக் கோடு விழுந்தா முதல் ஜாதி. விலை கம்மி, ரிப்பன் செலவு கிடையாது, கூரியர் பார்சலுக்கு அருமையானது. ஆனா எண்ணெய் பட்டா, வெயில் பட்டா எழுத்து மங்கிடும். நல்லெண்ணெய் கசியற தொக்கு பாட்டில்ல அதை ஒட்டறது எனக்கு சரியாப் படலை. மூணு மாசம் கழிச்சு அலமாரியிலேர்ந்து எடுக்கிறப்போ பார்கோடு போனா யாருக்கும் நஷ்டமில்லை. எப்ப செஞ்சது, எதுவரைக்கும் சாப்பிடலாம், உள்ள வேர்க்கடலை இருக்கா, இது போனா? வேர்க்கடலை ஒத்துக்காத குழந்தை இருக்கிற வீட்டுல அந்த ஒரு வரி உயிர் சமாச்சாரம். சாப்பாட்டு லேபிளுக்கு ரிப்பன் வகைதான், அதுலயும் எண்ணெய்ப் பொருளுக்கு ரெசின் ரிப்பனும் பிளாஸ்டிக் லேபிளும்னு நான் அடிச்சு சொல்லுவேன்.

அடுத்தது மொழி. நம்ம வீட்டுப் பொருளை வாங்கறதுல பாதிப்பேர் ஊர்லேர்ந்து பிள்ளைங்களோட வந்து தங்கியிருக்கிற அம்மா அப்பாக்கள். அவங்க கையில இங்கிலீஷ் மட்டும் இருக்கிற பாக்கெட்டைக் குடுக்கிறோம். கேட்டா "சட்டம் அப்படி"ங்கிறாங்க. 2011ம் வருஷத்து பொட்டல விதிகளும் சரி, 2020ம் வருஷத்து உணவு லேபிள் விதிகளும் சரி, விவரங்கள் இங்கிலீஷ்லயோ தேவநாகரி இந்தியிலயோ இருக்கணும்னு சொல்லுது. கூடவே வேற மொழியையும் சேர்த்துப் போட்டுக்கலாம்னும் சொல்லுது. அதனால தமிழும் போடலாம், பக்கத்து வீட்டுக்காரங்களுக்காக தெலுங்கும் போடலாம்.

"பிரிண்டர்ல தமிழ் வராது"ன்னு கடைக்காரங்க சொல்றது பாதி உண்மை. மெஷினுக்குள்ள இருக்கிற எழுத்துருவுக்கு கொம்பும் காலும் சேர்க்கத் தெரியாது. 'கொ'ன்னு அனுப்பினா கட்டம் கட்டமா வரும். எழுத்தைக் கோக்கற வேலையை விண்டோஸ்கிட்ட விட்டுட்டு, நிர்மலாவோ லதாவோ கொஞ்சம் தடிமனா வச்சு, படமா அனுப்பினா அழகா வரும். ஒரு தடவை டெம்ப்ளேட் செஞ்சு வச்சா அப்புறம் தேதியை மட்டும் மாத்தினாப் போதும்.

வாரத்துக்கு இருபது பாக்கெட்தான் போகுதுன்னா மெஷினே வேண்டாம். அழியாத பேனாவும் ஸ்டிக்கரும் போதும். ஆனா எழுதற விவரம் முழுசா இருக்கணும். பொருளோட பேரு, எடை, என்னென்ன சேர்த்தது, செஞ்ச தேதி, கடைசி தேதி, பேட்ச் நம்பர், விலை, விலாசம், 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பர்.

2023 ஆகஸ்ட் 1லேர்ந்து 300 மருந்து பிராண்டுகளுக்கு பார்கோடோ க்யூஆர் கோடோ கட்டாயமாக்கியிருக்காங்க. நல்ல விஷயம், போலியைப் பிடிக்க உதவும். இருந்தாலும் ராத்திரி மாத்திரையைக் கையில எடுக்கிற பாட்டி ஸ்கேன் பண்ணப் போறதில்லை. அட்டையை வெளிச்சத்துல திருப்பித் திருப்பி தேதியைத்தான் தேடுவாங்க. முதல்ல அவங்களுக்குத் தெரியற மாதிரி அடிங்க. மிச்ச இடத்துல கோடு போட்டுக்கலாம்.