உண்மையைப் பறிக்கலாமா?



மேசையைச் சுற்றி அமர்ந்து, கதைமாந்தராக மாறிப் பகடை உருட்டி ஆடும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டு 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. அதில் ஒரு மந்திரம் உண்டு. அதற்குக் கட்டுப்பட்டவர் தெரிந்தே பொய் சொல்ல முடியாது. ஆனால் மௌனமாக இருக்கலாம். தவறாக நம்பியதை உண்மையென்றும் சொல்லலாம். எனவே மந்திரம் பொய்யைத் தடுக்குமேயன்றி உண்மையைத் தந்துவிடாது. அந்த மௌனத்தை விட்டுவைத்ததே அவ்விதியின் சிறப்பு என்பேன்.

நம் நாட்டிலும் இக்கேள்வி எழுந்தது. பொய் அறியும் கருவி நாடித்துடிப்பையும் மூச்சையும் வியர்வையையுமே அளக்கிறது. குற்றமற்றவருக்கும் அச்சத்தால் நெஞ்சு படபடக்குமன்றோ? இக்கருவியையும், மருந்து செலுத்தி விசாரிக்கும் முறையையும் ஒருவரது சம்மதமின்றிப் பயன்படுத்தலாகாது என்று 'செல்வி எதிர் கர்நாடக அரசு' வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010 மே 5 அன்று தீர்ப்பளித்தது.

நம் வீடுகளிலும் ஒரு மந்திரம் உண்டு: "அம்மா தலைமேல் சத்தியம் செய்!" சிறுமி அஞ்சி அழுதால், அவளே குற்றவாளி என்று முடிவு கட்டுகிறோம். இது நியாயமா?

பெற்றோரே, தோழியரே! சத்தியம் கேட்குமுன், "என்ன நடந்தது?" என்று கேட்டுப் பொறுமையாய் அமர்வோம். பறித்த உண்மையைவிடத் தந்த உண்மையே மேலானது.