ஊசி போட்ட பிறகுதான் கவனம் தேவை

குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைக்கு விழித்திரையின் ரத்தக் குழாய்கள் முழுதாக வளர்ந்திருக்காது. பிறந்த பிறகு அவை தாறுமாறாகக் கிளைத்து, விழித்திரையையே இழுத்துப் பெயர்த்துவிடக்கூடும். ஆர்.ஓ.பி. எனப்படும் இந்நோய்க்கு நெடுங்காலமாக லேசர்தான் சிகிச்சை. 2011-ல் அமெரிக்காவின் ‘பீட்-ராப்’ ஆய்வு முடிவுகள் வந்தபின் பெவாசிசுமாப் ஊசி பரவலானது. கண்ணுக்குள் ஊசியா என்று பெற்றோர் பதறுவார்கள். பதற்றத்தில் நியாயம் இல்லாமலில்லை. பெரியவர்களுக்குக் கருவிழி ஓரத்திலிருந்து மூன்றரை, நான்கு மில்லிமீட்டர் தள்ளிக் குத்தும் ஊசியை, பச்சிளங்குழந்தைக்கு ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டரில் இறக்க வேண்டும். கோணம் பிசகி லென்ஸில் பட்டால் புரை விழும். கிருமி புகுந்தால் பார்வையே போகலாம். ஆனால், பழகிய கையில் இவையெல்லாம் அரிது. உண்மையில் அஞ்ச வேண்டியது, அடங்கிய நோய் தாமதமாகத் திரும்புவதைத்தான். அதே ஆய்வில், நோய் திரும்பிய குழந்தைகளுக்கு லேசருக்குப் பின் சராசரியாக 6 வாரத்தில் திரும்பியது. ஊசிக்குப் பின் 16 வாரமானது. அதற்குள் குழந்தை வீட்டுக்குப் போய், எடை கூடி, முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியிருக்கும். மறுபடி கண் மருத்துவரிடம் போக வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

அப்படியென்றால் லேசரே போதுமே என்பார்கள். போதாது. விழித்திரையின் மையத்தை ஒட்டிய கடுமையான நோயில், லேசருக்குப் பின் 42 சதவீதமும் ஊசிக்குப் பின் 6 சதவீதமும் நோய் திரும்பியதாக அந்த ஆய்வே சொல்கிறது. ரத்தத்தில் கலக்கும் மருந்து மூளை வளர்ச்சியைப் பாதிக்குமா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை; அதற்காக இன்று காப்பாற்றக்கூடிய கண்ணைக் கைவிட முடியாது.

கூட்டம் நெரியும் அரசு மருத்துவமனை, வீடு திரும்பிய குழந்தையை எப்படித் துரத்திப் பிடிக்கும் என்ற கேள்வியும் வரும். எழும்பூர் அரசு மருத்துவமனையில் 1996-ல் பிறந்த குறைமாதக் குழந்தைக்குக் கண் பரிசோதனை செய்யாமலும் பெற்றோரை எச்சரிக்காமலும் விட்டதற்காக, சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க 2015-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. முதல் பரிசோதனைக்குப் பொருந்தும் இந்த நியாயம் ஊசிக்குப் பிந்தைய பரிசோதனைக்கும் பொருந்தும். கர்ப்பம் பதிவானதுமே, தாய்-சேய் நலப் பதிவேட்டுக்கான பிக்மி எண் தருகிறோம். தடுப்பூசித் தவணையை நினைவூட்டக் கிராம சுகாதாரச் செவிலியர் இருக்கிறார். அதே பதிவேட்டில் கண் பரிசோதனைத் தேதியையும் சேர்க்க வேண்டும். பயணச் செலவையும் அரசு ஏற்க வேண்டும். அதுவரை, ஊசிக்குக் கையெழுத்திடும் பெற்றோரே, அடுத்த பரிசோதனைத் தேதியை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்காமல் கிளம்பாதீர்கள்.