முதலில் பார்க்கிங்கைக் கேளுங்கள்

மின்சார கார் பார்க்க ஷோரூமுக்குள் வருகிறவரிடம் நாம் எடுத்த எடுப்பில் ரேஞ்ச் கணக்கைச் சொல்லத் தொடங்கிவிடுகிறோம். கணவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருப்பார். கூட வந்த மனைவி கேட்பார்: "இதை எங்கங்க சார்ஜ் போடுறது? நம்ம அசோசியேஷன்ல விடுவாங்களா?" பல நேரங்களில் விற்பனை அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது.

விலை முக்கியம்தான். 2019 ஆகஸ்டில் ஜிஎஸ்டி 5 சதவீதமாகக் குறைந்தது. தமிழ்நாட்டில் சாலை வரி விலக்கும் கிடைத்தது. இவையெல்லாம் ஆன்ரோடு விலையைக் கண்கூடாகக் குறைத்தன. ஆனால் காரை வீட்டில் சார்ஜ் செய்ய வழியில்லாதவருக்கு எந்தச் சலுகையும் போதாது. 2020இல் வந்த நெக்ஸான் இவியின் 30.2 கிலோவாட் மணி பேட்டரியைச் சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில் நிரப்ப ஓர் இரவு ஆகும். தனி வீட்டுக்காரருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. அடுக்குமாடியில் இருப்பவருக்கு மீட்டர் போர்டு ஓரிடம், பார்க்கிங் வேறிடம். நடுவில் ஒயர் இழுக்க வேண்டும். சங்கத்தின் தீ பயத்தையும் போக்க வேண்டும்.

வீட்டில் இருக்கும் மின் இணைப்பிலேயே சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று மத்திய மின்துறையின் 2022 வழிகாட்டு நெறிமுறை தெளிவாகச் சொல்கிறது. அதன் நகலை வாடிக்கையாளர் கையில் கொடுத்தனுப்பும் டீலர்கள் நம்மில் எத்தனை பேர்? 2024இல் விற்ற புதிய கார்களில் பத்துக்கு ஒன்பது மின்சாரம் என்ற நிலையை நார்வே எட்டியதற்கு வரிவிலக்கை மட்டும் காரணமாகச் சொல்கிறோம். தக்க காரணமின்றி அடுக்குமாடிச் சங்கம் சார்ஜருக்கு மறுப்புச் சொல்ல முடியாது என்று அங்கே சட்டம் இருப்பதை யாரும் பேசுவதில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த நெக்ஸானின் விளம்பரத்தில் இருந்த 312 கி.மீ. சோதனைக்கூடத்து எண். ஏசி போட்டு நெடுஞ்சாலையில் போனால் அவ்வளவு வராது என்பது நமக்குத் தெரியும். வாங்கியவருக்கு டெலிவரிக்குப் பிறகுதான் தெரிகிறது. அவர் பட்ட ஏமாற்றம் அவருடைய மைத்துனர், அலுவலக நண்பர், எதிர்வீட்டுக்காரர் என்று பரவும். மின்சார கார் வாங்கத் தயங்குகிறவர் நம்மை நம்புவதைவிட, ஏற்கெனவே ஓட்டுகிறவரைத்தான் நம்புகிறார். அதில் நியாயமும் இருக்கிறது.

ஆகவே டெஸ்ட் டிரைவை வாடிக்கையாளரின் பார்க்கிங்கில் முடியுங்கள். கூடவே ஒரு எலக்ட்ரீஷியனை அழைத்துச் செல்லுங்கள். நடைமுறையில் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதைக் கொட்டேஷனிலேயே எழுதிக் கொடுங்கள். சங்கச் செயலாளரிடம் நீங்களே பேசுங்கள்.

— ஆசிரியர்